உள்ளேயா, வெளியேயா: யோகோசுகாவுக்கு ஆர்டர் வந்தவர்கள் வீடு எடுக்கும் முன்

மூன்று மாதத்துக்கு முன் சான் டியேகோவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். மதுரைப் பக்கத்துப் பெண். கணவர் அமெரிக்கக் கடற்படையில் இருக்கிறார். ஜப்பானில் யோகோசுகா தளத்துக்குப் பணிமாற்ற ஆர்டர் வந்திருந்தது, டிஸ்ட்ராயர் கப்பலில் வேலை. அவளுக்கு அப்போது மூன்றாம் மாதம். "அக்கா, பேஸுக்குள்ள வீடு எடுக்கவா, வெளிய எடுக்கவா? கேக்குறவங்க எல்லாம் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்றாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். பேசியதில் பாதி அவள் வீட்டு விஷயம். மீதி இங்கே வரப்போகிற யாருக்கும் உதவும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

எனக்கு இரண்டு பக்கமும் பழக்கம். என் வீட்டுக்காரர் முதல் தடவை இங்கே வந்தபோது மூன்று வருஷம் பேஸுக்குள் அடுக்குமாடியில் இருந்தோம், ஆறாவது மாடி. அமெரிக்கா திரும்பிச் சில வருஷம் கழித்து மறுபடி இதே ஊருக்கு ஆர்டர் வந்தது. இந்த முறை வெளியே, ஷியோய்ரி ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு மேட்டுத் தெருவில் வீடு எடுத்தோம். இரண்டிலும் நல்லதும் இருந்தது, அழுததும் உண்டு.

வாடகை, சதுர அடி, பேஸ் கேட்டுக்கு எத்தனை நிமிஷம் என்பதை எல்லாம் கேட்பதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டும்: அந்த வீட்டில் பகலும் இரவும் இருக்கப்போவது யார்? யோகோசுகா அமெரிக்காவின் ஏழாவது கடற்படைப் பிரிவுக்குத் தாய்த் துறைமுகம். இங்கே நிலைகொண்ட கப்பல்கள் அடிக்கடி போகும், அடிக்கடி வரும். போனால் மாதக்கணக்கு. திரும்பும் தேதி மாறிக்கொண்டே இருக்கும். கப்பலில் போகிறவருக்கு வீடு என்பது வந்து தூங்கி எழும் இடம். கரையில் இருக்கிறவருக்கு அதுதான் உலகம். ஆகவே வீட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கரையில் இருப்பவருக்கு. எங்கள் முதல் தடவை இது தலைகீழாக நடந்தது. "கப்பலுக்கு நடந்து போகலாம்" என்று இவர் சொன்னதை வைத்து முடிவெடுத்தோம். அந்த மூன்று வருஷத்தில் இவர் கப்பலுக்கு நடந்து போன நாட்களைவிட கப்பலிலேயே இருந்த நாட்கள்தான் அதிகம்.

குடும்பத்தைக் கூட்டி வருவதா, வேண்டாமா என்பதே சிலருக்கு முதல் கேள்வியாக இருக்கும். குடும்பத்தோடு வந்தால் பொதுவாக 36 மாதம், தனியாக வந்தால் 24 மாதம். குடும்பம் வருவதற்கு 'கமாண்ட் ஸ்பான்சர்ஷிப்' என்ற ஒப்புதல் வேண்டும். அது இல்லாமல் சொந்தச் செலவில் வந்தால் வீடு, பயணச் செலவு, படிப்பணம் எதுவும் குடும்பத்தின் பெயரில் கிடைக்காது. மருத்துவப் பரிசோதனையும் உண்டு. குழந்தைக்கோ மனைவிக்கோ தொடர் சிகிச்சை இருந்து, அதற்கான மருத்துவர் இங்கே இல்லையென்றால் ஒப்புதல் மறுக்கப்படலாம். அந்தத் தாள்களில் எதையும் மறைக்காதீர்கள். மறைத்துவிட்டு வந்து, சிறப்பு மருத்துவருக்காகப் பாதியில் திரும்பிப் போன குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாய் பெட்டி கட்டிய நாட்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

வருவது என்று முடிவானால் யோகோசுகாவில் மூன்று வழி. ஒன்று, பெரிய பேஸுக்குள் வீடு. இரண்டு, பக்கத்து ஊரான ஸுஷியில் இகேகோ என்ற குடியிருப்பு. மூன்று, ஊருக்குள் ஜப்பானியர் வீட்டை வாடகைக்கு எடுப்பது. மூன்றும் எல்லோருக்கும் திறந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். தளத்துக்குள் காலி வீடு இருக்கும்போது வெளியே போக அனுமதி தராத காலமும் உண்டு, தளமும் உண்டு. ஜப்பானிலுள்ள மற்றத் தளங்களான ஒகினாவா, சாசெபோ, இவாகுனி, மிசாவா ஒவ்வொன்றிலும் நடைமுறை வேறு. ஆர்டர் கையில் வந்த அன்றே அந்தத் தளத்தின் ஹவுசிங் ஆபீஸுக்கு எழுதிக் கேட்பதுதான் முதல் வேலை.

பணத்தை முதலில் பேசி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் பலர் அதிலேயே சிக்கிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் வீட்டுப்படி ஒரு தொகையாக வரும். அதைவிடக் குறைந்த வாடகையில் வீடு எடுத்தால் மிச்சம் நம் கையில். இங்கே அப்படி இல்லை. வெளிநாட்டு வீட்டுப்படி, அதாவது ஓஹெச்ஏ, உங்கள் தகுதிக்கு உள்ள உச்சவரம்புக்குள் நீங்கள் உண்மையில் கொடுக்கும் வாடகை எவ்வளவோ அவ்வளவுதான் தரும். மலிவான வீடு பிடித்து மிச்சப்படுத்தலாம் என்ற கணக்கு இங்கே பலிக்காது. மின்சாரம், எரிவாயு, தண்ணீருக்கு மட்டும் மாதாமாதம் ஒரே தொகை தனியாக வரும். சிக்கனமாக இருந்தால் வசந்தகாலத்தில் கொஞ்சம் மிஞ்சும், ஜனவரியில் அது போய்விடும். பேஸுக்குள் இருந்தால் வாடகையும் இல்லை, கரண்ட் பில்லும் இல்லை, படியும் இல்லை.

வெளியே வீடு எடுக்கும்போது முதல் நாள் செலவுதான் பயமுறுத்தும். முன்பணம், வீட்டு உரிமையாளருக்குக் கொடுக்கும், திரும்ப வராத நன்றிப் பணம் (ரெய்கின் என்பார்கள்), தரகருக்கு ஒரு மாத வாடகை, முதல் மாத வாடகை என்று சேர்ந்தால் நாலைந்து மாத வாடகை ஒரே நாளில் கேட்பார்கள். ரெய்கினும் தரகும் குடிபுகும் படியில் திரும்பக் கிடைக்கும். முன்பணத்துக்கு ஓஹெச்ஏவை முன்கூட்டியே வாங்கிக் கட்டலாம், பிறகு சம்பளத்தில் பிடிப்பார்கள். தாளை ஒழுங்காக வைத்திருந்தால் பணத்தில் இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசம் வராது. அதனால் பணத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

பேஸுக்குள் வாழ்வது எப்படி என்று கேட்டால், ஜப்பானில் ஒரு சின்ன அமெரிக்க ஊர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கமிஸரி என்னும் பேஸ் மளிகைக் கடையில் அமெரிக்கச் சாமான், டாலரில் விலை. ஆஸ்பத்திரி உள்ளேயே இருக்கிறது, பிரசவமும் அங்கேயே பார்ப்பார்கள். சல்லிவன்ஸ் ஆரம்பப் பள்ளிக்குப் பிள்ளை நடந்து போகலாம். 1942இல் ஒரே கப்பலில் உயிர்விட்ட ஐந்து அண்ணன் தம்பிகளின் பெயர் அந்தப் பள்ளிக்கு. காலை எட்டு மணிக்குக் கொடி ஏறும்போது இரண்டு நாட்டுக் கீதமும் ஒலிக்கும். எந்த வேலையில் இருந்தாலும் எல்லோரும் நின்றுவிடுவார்கள். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது, ஊஞ்சலிலிருந்து இறங்கி அவளும் நிற்பாள்.

உள்ளே இருப்பதில் உண்மையான பலம் அக்கம் பக்கம்தான். ஒரு மாடியில் இருக்கும் எல்லா வீட்டிலும் யாரோ ஒருவர் கடலில். இரவு இரண்டு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எதிர்க் கதவைத் தட்டலாம், திறப்பவளுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. நான் தட்டியிருக்கிறேன், என் கதவும் தட்டப்பட்டிருக்கிறது. நிலநடுக்கம் வந்தால் அறிவிப்பு ஆங்கிலத்தில் வரும். எங்கே கூட வேண்டும், தண்ணீர் எங்கே தருவார்கள் என்று குழப்பம் இருக்காது.

ஆனால் அந்த வேலிக்குள் இருந்தால் வெளியே போகாமலே மாதங்கள் போய்விடும். யாரும் தடுக்கவில்லை, கேட் திறந்துதான் இருக்கிறது. எல்லாமே உள்ளே கிடைப்பதால் போகத் தோன்றாது. முதல் தடவை மூன்று வருஷம் முடிந்து கிளம்பியபோது எனக்குத் தெரிந்த ஜப்பானியச் சொல் இருபதுகூட இருக்காது. மூன்று வருஷம் ஒரு நாட்டில் இருந்துவிட்டு, அந்த நாட்டில் ஒரு வீட்டு வாசலில்கூட உட்காராமல் திரும்பினேன். இன்றும் அது எனக்கு வருத்தம்தான்.

இகேகோவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. முன்பு வெடிமருந்துக் கிடங்காக இருந்த காட்டுப் பகுதி, மரங்களுக்கு நடுவே வீடுகள். பிள்ளைகள் சைக்கிள் ஓட்ட நல்ல இடம். பெரிய பேஸுக்கு ஷட்டில் பஸ்ஸோ காரோ ரயிலோ வேண்டும். காலை நெரிசலில் அந்தப் பாதை பொறுமையைச் சோதிக்கும். ஒரு நல்ல விஷயம், பக்கத்திலுள்ள ஜிம்முஜி ஸ்டேஷனில் குடியிருப்புக்காரர்களுக்கென்று தனி வாயில் இருக்கிறது, இறங்கினால் நேராக உள்ளே. கணவருக்குக் கரையில் வேலை, பிள்ளைகள் ஓடியாடும் வயது என்றால் இகேகோவை யோசிக்கலாம். கப்பல் வேலை, மனைவிக்குக் கார் ஓட்ட வராது என்றால் வேண்டாம் என்பேன். ராத்திரியில் ஆஸ்பத்திரி தூரமாகிவிடும்.

இப்போது வெளியே. யோகோசுகா மலையும் பள்ளமுமான ஊர். மலைகளுக்கு இடையே 'யாத்தோ' என்று சொல்லும் குறுகிய பள்ளத்தாக்குகள், அவற்றின் சரிவில் வீடுகள். பல வீடுகளுக்குக் கார் போகாது, படிக்கட்டுதான். தரகர் காட்டும் பட்டியலில் "ஸ்டேஷனிலிருந்து எட்டு நிமிஷம்" என்று இருக்கும். அந்த எட்டு நிமிஷத்தில் எத்தனை படி என்று இருக்காது. ஆகஸ்ட் வெயிலில் அரிசி மூட்டையோடு ஏறிப் பார்த்தால்தான் தெரியும்.

வீடு பார்க்கும்போது கட்டிய வருஷத்தைக் கேளுங்கள். ஜப்பானில் நிலநடுக்கக் கட்டட விதி 1981 ஜூனில் கடுமையாக்கப்பட்டது. மர வீடுகளுக்கு 2000இல் இன்னும் இறுக்கினார்கள். மரவீடு என்றால் 2000க்குப் பின் கட்டியதாகப் பார்ப்பேன். வீட்டுக்குப் பின்னால் சரிவு இருந்தால் நகராட்சியின் ஆபத்து வரைபடத்தில் அந்த இடத்துக்கு என்ன நிறம் என்று பார்க்க வேண்டும். மண்சரிவு, வெள்ளம், சுனாமி மூன்றுக்கும் வரைபடம் உண்டு. தரகரிடம் கேட்டால் எடுத்துக் காட்டுவார், கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம்.

குளிர்தான் நம்மவர்களுக்குப் பெரிய அதிர்ச்சி. ஜப்பானில் வீடு முழுவதையும் சூடாக்கும் பழக்கம் இல்லை. இருக்கிற அறையை மட்டும் சூடாக்குவார்கள். கூடத்தில் இதமாக இருக்கும், கழிப்பறைக்குப் போனால் மூச்சு புகையாக வரும். கழிப்பறை இருக்கை மட்டும் சூடாக இருக்கும், அந்தச் சுகத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜூனில் மழைக்காலம் தொடங்கினால் ஈரமும் பூஞ்சையும். அலமாரிக்குள் பட்டுப்புடவையை அப்படியே விட்டுவைத்தால் போச்சு. ஈரம் இழுக்கும் டப்பாக்கள் நூறு யென் கடையில் கிடைக்கும், ஒவ்வொரு அலமாரியிலும் வையுங்கள்.

சமையலறையைப் பற்றி எந்தக் கையேட்டிலும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். 2008 அக்டோபருக்குப் பின் ஜப்பானில் விற்கிற வீட்டு எரிவாயு அடுப்புகளில் ஒவ்வொரு பர்னரின் நடுவிலும் ஒரு சென்சார் குமிழ் இருக்கும். எண்ணெய் தீப்பற்றாமல் இருக்க, பாத்திரத்தின் அடி சுமார் 250 டிகிரியைத் தொட்டால் தீயைத் தானாகக் குறைத்துவிடும், அல்லது அணைத்துவிடும். இரும்பு தோசைக்கல்லை நன்றாகக் காய வைத்து மாவை ஊற்றப் போகும்போது தீ சிறுத்துவிடும். முதல் வாரம் அடுப்பு கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். பெரும்பாலான அடுப்புகளில் அதிகச் சூட்டுக்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது, மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் சென்சார் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அடி உருண்ட கடாயும் லேசான பாத்திரமும் அந்தக் குமிழில் சரியாக உட்காராது. அடி தட்டையான பாத்திரமாகக் கொண்டு வாருங்கள்.

கிரைண்டர் அடுத்து. வெளியே வீடுகளில் 100 வோல்ட். கிழக்கு ஜப்பானில் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60. யோகோசுகா 50 பக்கம், சாசெபோவும் இவாகுனியும் 60 பக்கம். அமெரிக்காவில் 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கு வாங்கிய கிரைண்டர் இங்கே மெதுவாகச் சுற்றும், மோட்டார் சூடாகும். அரைத்து முடிக்க நேரம் கூடுதலாகும், நடுவில் நிறுத்தி ஆறவிட வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவரும் 230 வோல்ட் கிரைண்டருக்கு ஹெர்ட்ஸ் பொருந்தும், வோல்ட்டை ஏற்றித் தரும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். மோட்டார் என்பதால் கிரைண்டரின் வாட்டைப்போல் இரண்டு மூன்று மடங்கு தாங்கும் டிரான்ஸ்ஃபார்மராக வாங்குங்கள். நான் இரண்டாவது வழியில்தான் இருக்கிறேன், இட்லி மாவு ஊரில் அரைத்தது போலவே வருகிறது.

பருப்பு, மிளகாய்த்தூள், புளிக்கு டோக்கியோவில் நிஷி-காசாய், ஷின்-ஒகுபோ பக்கம் போகலாம், தபாலிலும் வரவழைக்கலாம். கறிவேப்பிலையை ஊரிலிருந்து பையில் போட்டு வர நினைக்காதீர்கள். செடி, இலை, பழம் எதுவாயினும் விமான நிலையத்தில் தாவரச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். இறைச்சிப் பொருளும் அப்படித்தான்.

பக்கத்து வீட்டார் பற்றிச் சொல்லாமல் வெளியே வாழ்வதைச் சொல்ல முடியாது. 'எதிரில் மூன்று வீடு, இரு பக்கத்தில் இரண்டு வீடு' என்று ஜப்பானியர்கள் சொல்வார்கள். குடி வந்ததும் அந்த ஐந்து வீட்டுக்கும் சின்னப் பொட்டலத்தோடு போய் வணக்கம் சொல்வது வழக்கம். ஒரு துண்டு, ஒரு பிஸ்கட் பெட்டி போதும். பேஸில் வரியில்லாமல் வாங்கிய மது, சிகரெட் போன்றவற்றைக் கொடுத்துப் பழகாதீர்கள், அதற்குச் சட்டச் சிக்கல் உண்டு. நாங்கள் போனபோது என் ஜப்பானியம் நான்கு வரிதான். எதிர் வீட்டுப் பாட்டி அந்த நான்கு வரியைக் கேட்டுவிட்டு, குப்பை போடும் இடத்தை விரலால் காட்டி, திங்கள் எது, வியாழன் எது என்று கை ஜாடையில் சொல்லிக் கொடுத்தார். எரியும் குப்பை, பிளாஸ்டிக், பாட்டில், காகிதம் எல்லாவற்றுக்கும் தனி நாள், தனிப் பை. காலையில்தான் வைக்க வேண்டும், காக்கைக்காக வலையை மூட வேண்டும். வெளிநாட்டவர் மேல் தெருவுக்கு வருத்தம் வருமானால் பெரும்பாலும் இதில்தான் வரும். நகராட்சி ஆங்கிலத்திலும் அட்டவணை தருகிறது, குளிர்ப்பெட்டியில் ஒட்டிவிடுங்கள்.

அந்தப் பாட்டியிடம் ஒருநாள் சாம்பார் கொடுத்தேன். யோகோசுகா தன்னைக் 'கறி ஊர்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஊர். பழைய ஜப்பானியக் கடற்படை பிரிட்டிஷ்காரர்களிடமிருந்து கற்றுக்கொண்ட கறிச்சோறு, 1908ஆம் வருஷத்துக் கடற்படைச் சமையல் நூலில் இருக்கும் செய்முறை, இன்றும் கடைகளில் ஒரு தம்ளர் பாலும் சாலடும் சேர்த்துத் தருவார்கள். பாட்டி சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, இது கறியா என்று கேட்டார். அதற்கு ஜப்பானியத்தில் பதில் சொல்லத் தெரியவில்லையே என்ற தவிப்பில்தான் நான் உட்கார்ந்து மொழி படிக்க ஆரம்பித்தேன். தமிழ் தெரிந்தவர்களுக்கு அந்த மொழியின் வாக்கிய அமைப்பு வீட்டுச் சொத்து போல. வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய மொழியியலாளர் இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்றே வாதாடினார். மற்ற அறிஞர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, ஆங்கிலத்தில் யோசிக்காமல் தமிழில் யோசித்தால் வாக்கியம் சீக்கிரம் வாய்க்கு வரும். என் அமெரிக்கத் தோழிகள் திணறும் இடத்தில் எனக்குத் திணறல் இல்லை.

வெளியே இருப்பதில் கஷ்டம் தனிமை. கப்பல் போய்விட்டால் அந்தத் தெருவில் என் நிலைமை தெரிந்தவர் யாருமில்லை. நிலநடுக்கம் வந்தால் ஊர் ஒலிபெருக்கியில் ஜப்பானியத்தில் அறிவிப்பு. ஆம்புலன்ஸுக்கு 119, எடுப்பவர் ஜப்பானியத்தில்தான் தொடங்குவார். முகவரியை ஜப்பானியத்தில் சொல்லப் பழகி, தமிழ் எழுத்திலேயே எழுதி போனுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்குப் பின் இந்தத் தளங்களிலிருந்து குடும்பங்கள் விருப்பப்பட்டால் கிளம்பலாம் என்று விமானம் ஏற்பாடு செய்தார்கள். அப்படி ஒரு நாள் வந்தால் பாஸ்போர்ட், ஆர்டர் நகல், பிள்ளைகளின் தடுப்பூசிக் கார்டு எல்லாம் ஒரே பையில் இருக்க வேண்டும். உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் அந்தப் பை கதவருகே இருக்கட்டும்.

பிள்ளைகள் படிப்பில் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது: வெளியே போனால் அமெரிக்கப் பள்ளி கிடைக்காது என்று. கிடைக்கும். பேஸ் பள்ளியில் சேர்க்கும் உரிமை வெளியே இருக்கும் கமாண்ட் ஸ்பான்சர் குடும்பங்களுக்கும் உண்டு. பள்ளி பஸ் எந்தத் தெரு வரை வரும் என்பதைத்தான் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் ஜப்பானிய யோச்சியென் என்னும் மழலையர் பள்ளி நல்ல வாய்ப்பு. என் சின்னவன் அங்கேதான் போகிறான். சாப்பாட்டு டப்பா, கைக்குட்டை, உள்ளே போடும் செருப்பு எல்லாவற்றிலும் பெயர் எழுத வேண்டும், தாய்மார்களுக்கு வேலை நிறைய. ஆறு மாதத்தில் அவன் எனக்குத் திருத்தம் சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

மனைவிக்கு வேலை வேண்டும் என்றால் பேஸ் அருகில் இருப்பது உதவும், ஏனென்றால் கமிஸரி, குழந்தைகள் காப்பகம், பள்ளி, கடை என வேலைகள் உள்ளேதான். நாம் இங்கே இருப்பது 1960இல் ஏற்பட்ட படை நிலை ஒப்பந்தத்தின்கீழ், சோஃபா என்று சொல்வது அதைத்தான். மற்ற வெளிநாட்டவர்போல் குடியிருப்பு அட்டையோ நகராட்சிப் பதிவோ நமக்கு இல்லை. அதனால் ஊருக்குள் வேலை பார்ப்பதற்கும், வீட்டிலிருந்தே அமெரிக்க நிறுவனத்துக்கு வேலை செய்வதற்கும் பேஸ் சட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்குங்கள். இந்திய பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும் வைத்திருக்கும் மனைவிமார்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஜப்பானுக்குள் நுழையும் தாள், கிரீன் கார்டு நிலைக்கு ஆபத்து வராமல் மூன்று வருஷம் வெளியே இருப்பதற்கான ஏற்பாடு, இரண்டையும் அமெரிக்காவிலிருந்து கிளம்பும் முன்பே முடியுங்கள்.

நம் குடும்பங்களில் எல்லாவற்றையும் புரட்டிப்போடுவது ஒரு விஷயம்: அம்மா வருவது. பிரசவம் என்றால் அம்மாவோ மாமியாரோ மூன்று மாதம் வந்து தங்குவார்கள். பேஸுக்குள் வீடு என்றால் விருந்தினர் கேட்டில் பதிந்து, நம்மோடுதான் உள்ளே வர வேண்டும், நம்மோடுதான் நடமாட வேண்டும். அமெரிக்கரோ ஜப்பானியரோ அல்லாதவருக்குக் கூடுதல் சரிபார்ப்பு வரலாம், அதிக நாள் தங்க வைப்பதற்குத் தனி விண்ணப்பம். முதல் தடவை என் அம்மா வந்திருந்தபோது, கேட்டுக்கு வெளியே தெரியும் கடலோரப் பூங்காவில் மிக்காசா என்ற பழைய போர்க்கப்பலைப் பார்க்க ஆசைப்பட்டார். நான் பிள்ளையை விட்டுவிட்டு வர முடியாத நாட்களில் அவரும் ஆறாவது மாடி ஜன்னலோடு இருந்தார். இரண்டாவது தடவை மேட்டு வீட்டில் அவரே காலையில் புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கடைக்குப் போய் டோஃபு வாங்கி வருவார். எதிர் வீட்டுப் பாட்டியும் அவரும் ஒரு சொல்கூடப் பொதுவில் இல்லாமல் அரை மணி நேரம் பேசுவார்கள்.

அம்மாவின் விசாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாதாரணமாக ஜப்பானில் இருப்பவர் ஒருவரை அழைக்கும்போது தன் நகராட்சிப் பதிவுச் சான்றைக் கொடுப்பார். நம்மிடம் அது இல்லை. அதற்குப் பதில் எந்தத் தாள்களை ஏற்பார்கள் என்று ஊரில் விசா மையத்தில் முன்பே கேட்டு, ஆர்டர் நகல், சோஃபா முத்திரை உள்ள பாஸ்போர்ட் பக்கம், வேலைச் சான்று எல்லாம் அனுப்பி வைக்க வேண்டும். விமான டிக்கெட்டை அதற்குப் பிறகு எடுங்கள்.

எந்த வீடாக இருந்தாலும் கிளம்பும் முன் செய்ய வேண்டியவை சில. நாயோ பூனையோ இருந்தால் இரண்டு ரேபிஸ் ஊசி, ரத்தப் பரிசோதனை, அதற்குப் பின் 180 நாள் காத்திருப்பு. ஆர்டர் வரும் முன்பே தொடங்கினால்கூட நல்லதுதான். அட்டெரால் போன்ற ஆம்ஃபெட்டமின் மாத்திரை மருத்துவர் சீட்டோடு இருந்தாலும் ஜப்பானுக்குள் கூடாது. சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மருந்தும் கூடாது. பெட்டியை மூடுவதற்கு முன் மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள். காரை அமெரிக்காவிலேயே விட்டுவிட்டு, இங்கே கிளம்பிப் போகிற குடும்பத்திடம் பழைய காரை வாங்குவதுதான் எல்லோரும் செய்வது. இடப்பக்கம் ஓட்டுவது நமக்குப் புதிதில்லை. அமெரிக்க உரிமம் காலாவதி ஆகாமல் இருக்கட்டும், இங்கே கார் ஓட்ட நமக்குத் தரும் சோஃபா உரிமத்துக்கு அதுதான் அடிப்படை. குடித்துவிட்டு ஓட்டினால் ஓட்டியவரோடு நிற்காது, பக்கத்தில் உட்கார்ந்தவரையும் ஊற்றிக் கொடுத்தவரையும் இந்த நாட்டுச் சட்டம் பிடிக்கும்.

என் முடிவை மறைக்க வேண்டியதில்லை. முதல் முறை வருகிறவர், கைக்குழந்தை, கணவருக்குக் கப்பல், ஊரிலிருந்து யாரும் வரப்போவதில்லை, புதியவர்களிடம் தானாகப் போய்ப் பேசும் சுபாவம் இல்லை என்றால் பெரிய பேஸுக்குள் இருங்கள். எதிர்க் கதவு உங்களைக் காப்பாற்றும். ஆனால் வாரம் ஒரு நாளாவது ரயில் ஏறுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி, குப்பை அட்டவணைக்குப் பயப்படாதவர், அம்மாவை வரவழைக்க நினைப்பவர், பிள்ளைக்கு இன்னொரு மொழி ஒட்டட்டும் என்று ஆசைப்படுபவர் வெளியே வாருங்கள். ஆனால் மெயின் கேட்டுக்கு நடந்து போகும் தூரத்தில் எடுங்கள். அறை பெரிது, தோட்டம் உண்டு என்று தள்ளிப் போய் எடுத்தவர்களில் பாதிப்பேர் கப்பல் கிளம்பிய முதல் மாதமே வருந்துகிறார்கள்.

அந்த மதுரைப் பெண் போன வாரம் வந்து இறங்கிவிட்டாள். ஆறாம் மாதம், பேஸ் விடுதியான நேவி லாட்ஜில் தங்கியிருக்கிறாள். கணவர் அடுத்த மாதம் கடலுக்குப் போகிறார், அம்மா பிரசவத்துக்கு வருகிறார், அவருக்கு இரண்டு முழங்காலிலும் வலி. வெளியே என்று அவளே முடிவு செய்துவிட்டாள். நேற்று முதல் வீடு பார்க்கப் போனாள். புது வீடு, தெற்குப் பார்த்த கூடம், வாடகையும் வரம்புக்குள். தெருவிலிருந்து வாசலுக்கு எத்தனை படி என்று எண்ணிவிட்டு வா என்று சொல்லியிருந்தேன். எண்ணியிருக்கிறாள், நாற்பத்தேழு. அந்த வீட்டை விட்டாயிற்று. அடுத்தது சனிக்கிழமை, ஸ்டேஷனுக்குக் கீழ்ப்பக்கம், சமதளத்தில். நானும் கூடப் போகிறேன்.